அப்பாவின் கண் பொறுக்கும், மகளின் கண் பொறுக்காது

கேள்வி: டொக்டருக்கு வணக்கம். நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். என் கணவருக்கு 51 வயது, ஓட்டோ ஓடுகிறார். சீனி வருத்தம் வந்து எட்டு வருஷம். மூன்று கிழமைக்கு முன் ஒருநாள் காலையில் எழும்பியவர், எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். வலது கண் மூக்குப் பக்கம் போய் நிற்கிறது. தூரத்தில் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறதாம், கையில் பிடித்திருக்கும் போன் ஒன்றாகத்தான் தெரிகிறதாம். வலப்பக்கம் பார்த்தால் இன்னும் மோசம். இப்போது எதைப் பார்ப்பதென்றாலும் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பார்க்கிறார். பாமசியில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம், பலனில்லை. இது வாதம் என்று சொல்லி பெரியம்மா கண்ணுக்கு விட எண்ணெய் தந்திருக்கிறா. உடனே ஒப்பரேஷன் செய்தால் சரிவரும் என்று இவர் நிற்கிறார், கொழும்புக்குப் போகக் காசு புரட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கடைசி மகளுக்கு நாலு வயது. இரண்டரை வயதிலிருந்தே அவளுக்கு இடது கண் உள்ளே ஓடும். வாக்குக்கண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொன்னார்கள், விட்டுவிட்டோம். இப்போது மாமி இது பரம்பரை வருத்தம், இருவருக்கும் ஒன்றுதான் என்கிறா. அப்படியா? இவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட்டோ ஓடலாமா? ஓடாவிட்டால் வீட்டில் வருமானம் இல்லை. (உப்புவெளி வாசகி)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி கணவரைப் பற்றியது. மகளைப் பற்றிச் சில வரிகள்தான். எனக்கு அந்தச் சில வரிகள்தான் கூடுதலாகக் கவலை தந்தன. நீங்கள் எழுதியிருக்கும் விபரங்களை வைத்துப் பார்த்தால், கணவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே தேறக்கூடியது. அதற்கு இப்போதே ஒப்பரேஷன் செய்வது பிழை. மகளுக்கு இருப்பது தானாகத் தேறும் வகை இல்லை. அதைத்தான் ஒன்றரை வருஷமாகப் பொறுக்க விட்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பெரியவர் இரண்டாகத் தெரிகிறது என்று சத்தம் போடுவார், வீடே ஓடும். பிள்ளை ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் பிள்ளைக்கு இரண்டாகத் தெரிவதே இல்லை. ஏன் தெரிவதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒன்று மட்டும், கடிதத்தை வைத்து நான் சொல்வது அனுமானம்தான். கண்ணை நேரில் பரிசோதித்தவர் சொல்வதுதான் முடிவு.

முதலில் கணவரை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். வலது மேலிமை இடதைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா? கண்மணி, அதாவது கறுவிழியின் நடுவிலுள்ள துளை, ஒரு கண்ணில் மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருக்கிறதா? இருந்தால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று பலூன்போல வீங்கி, இமையைத் தூக்கிக் கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மண்டை நரம்பை அழுத்தினால் இப்படி இமை விழும், கண்மணி விரியும். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இதேபோல, முன்னெப்போதும் வராத கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், முகம் கோணல், கை கால் பலவீனம், நடக்கத் தள்ளாட்டம், விழுங்கக் கஷ்டம் இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் கிளினிக் நாள் எப்போது என்று பார்க்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர் என்பதால் இன்னும் இரண்டு கேள்விகளை அவரிடம் கேளுங்கள். சாப்பாடு மெல்லும்போது தாடை வலித்துக் களைத்துப்போகிறதா? தலை சீவும்போது நெற்றிப்பொட்டுப் பக்கத் தோல் நோகிறதா? ஆம் என்றால், இது தலையின் இரத்தக்குழாய்களில் வரும் ஒருவகை அழற்சியாக இருக்கலாம். நம்மவர்களில் இது குறைவு. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வையை ஒரேயடியாகப் பறித்துவிடும், அதனால் கேட்காமல் விடமாட்டேன்.

இந்த இடத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயலும் வாடியுமாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு நிலத்தில் படுத்து எழும்பியவருக்குக் காலையில் இரண்டு இமையும் விழுந்து, பார்வை இரண்டாகி, வயிறும் வலித்தால் பாம்பு கடித்திருக்கலாம் என்று நினையுங்கள். கட்டுவிரியன் கடி பல தடவை வலிக்காது, கடித்த அடையாளமும் தெரியாது. நம் நாட்டுக் கண்ணாடி விரியனின் நஞ்சும் கண் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இதற்கு மந்திரமோ கல்லோ தேடி ஒரு நிமிஷமும் வீணாக்கக்கூடாது. கண்ணுக்கு அடுத்து மூச்சுத் தசை நிற்கும். உங்கள் கணவருக்கு ஒரு கண்ணில் மட்டும், மூன்று கிழமையாக இருப்பதால் அவருக்கு இது பொருந்தாது.

இப்போது அவர் கண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் அசைக்கின்றன. கண்ணை வெளிப்பக்கம், அதாவது காதுப் பக்கம் இழுக்கும் தசைக்கு உத்தரவு கொண்டுவருவது ஆறாம் மண்டை நரம்பு. அந்த நரம்புக்கு வேறு எந்தக் கண் தசையிலும் வேலை இல்லை. இரு பக்கமும் நங்கூரக் கயிறு கட்டிய வள்ளத்தில் ஒரு கயிறு தளர்ந்தால் வள்ளம் மற்றப் பக்கம் ஒதுங்குமே, அதுதான் இங்கேயும். வெளித்தசை தளர்ந்துவிட்டது, உள்தசை எதிர்ப்பில்லாமல் இழுக்கிறது, கண் மூக்குப் பக்கம் போய் நிற்கிறது.

நீங்கள் கவனித்து எழுதிய மூன்று விஷயங்களும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்பக்கம்தான் வரவேண்டும், வெளித்தசைக்கு அங்கே பெரிய வேலை இல்லை, அதனால் போன் ஒன்றாகத் தெரிகிறது. தூரத்துக்குக் கண்கள் நேராக விரிய வேண்டும், அதற்கு வலது கண்ணால் முடியவில்லை, பஸ் இரண்டாகிறது. வலப்பக்கம் பார்க்க அந்தத் தசைதான் முழுமூச்சாக வேலை செய்ய வேண்டும், அங்கே மிக மோசம். அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பதும் இதனால்தான். முகம் வலப்பக்கம் போனால் கண்கள் இடப்பக்கம் நின்றபடி பார்க்கலாம், பலவீனமான தசைக்கு ஓய்வு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பே கண்டுபிடித்த வழி அது. வீட்டில் தலையை நேராக வை என்று அவரைப் பேச வேண்டாம்.

ஒரு சிறிய பரிசோதனையை நீங்களே செய்யலாம். முதலில் வலது கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் இடது கண்ணை. எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டை மறைந்தால், கண்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காததுதான் காரணம். ஒரு கண்ணைப் பொத்திய பிறகும் மற்றக் கண்ணில் நிழல்போல இரண்டாகத் தெரிந்தால் அது வெண்புரை, கண்ணாடி நம்பர் போன்ற வேறு விவகாரம்.

சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களில், நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் மிக நுண்ணிய குழாய் அடைபடுவதால் இப்படி ஒரே இரவில் வரும். சிலருக்குத் தொடக்கத்தில் கண்ணைச் சுற்றி வலியும் இருக்கும். இந்த வகையில் பெரும்பாலானவர்கள் மூன்று மாதத்துக்குள் தேறுவார்கள், சிலருக்கு ஆறு மாதம்வரை போகும். ஆறாம் நரம்பு நிற்க வேறு காரணங்களும் உண்டு. தலையில் அடி, மூளைக்குள் அழுத்தம் கூடுவது, கட்டி, தொற்று, நரம்பின் உறையைத் தாக்கும் வியாதி. இதோடு, நரம்பில் பிழையே இல்லாமல் கண் அசையாமல் போகும் நோய்களும் இருக்கின்றன. தைரொயிட் வருத்தத்தில் கண் தசைகள் தடித்து இறுகிவிடும். மயஸ்தீனியா என்ற நோயில் காலையில் நன்றாக இருக்கும் கண், மாலையானால் களைத்து விலகும், இமை தொங்கும். சீனி வருத்தம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் சீனியில் போடுவதும் சரியில்லை. அதற்காகத்தான் கண் வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறேன்.

கொழும்புக்குக் காசு புரட்டுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கண் பிரிவுக்கு இந்தக் கிழமையே அவரையும் மகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ நரம்பியல் நிபுணரிடமோ அவர்களே கடிதம் தந்து அனுப்புவார்கள். சீனி கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், பாமசியில் வாங்கிய சொட்டு மருந்துப் போத்தல், அவருடைய பழைய படம் ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய படம் எதற்கென்றால், கண் விலகலும் முகத் திருப்பமும் புதிதா முந்தியே கொஞ்சம் இருந்ததா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அங்கே செய்யும் பரிசோதனைகள் எதுவும் நோகாது. ஒரு பேனையை ஒன்பது திசைகளிலும் கொண்டுபோய்க் கண் எதுவரை போகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கண்ணை மறைத்து மறைத்து எடுத்து, மற்றக் கண் எவ்வளவு அசைகிறது என்று ஒளியை வளைக்கும் பிரிஸக் கண்ணாடித் துண்டுகளால் அளப்பார்கள். வசதி இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்டு ஹெஸ் வரைபடம் எடுப்பார்கள். எந்தத் தசை எவ்வளவு பலவீனம் என்று அது படமாகவே காட்டும். மாதா மாதம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேறுகிறதா என்பது தெளிவாகிவிடும். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுக் கண்ணின் பின்பக்கத்தையும் பார்ப்பார்கள். பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தால் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். இரத்தத்தில் சீனி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரோல், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், அதோடு பிரஷர், இவ்வளவும் பார்க்க வேண்டும்.

ஸ்கான் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் வைத்தியர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஐம்பது தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர், வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் ஆறாம் நரம்பு மட்டும் நின்றிருக்கிறது என்றால், மூன்று மாதம் கண்காணித்துவிட்டுத் தேறாவிட்டால் எடுக்கலாம் என்பது ஒரு பக்கம். எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும் என்பது மறுபக்கம். என் அபிப்பிராயம், எடுக்க வசதி கிடைத்தால் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. கிடைக்கத் தாமதமானால் பயந்து கடன்பட வேண்டாம், கிளினிக் நாளைத் தவறவிடாமல் போய் வந்தால் போதும். ஆனால் கண் விலகல் கூடினாலோ, புதிதாக ஏதாவது அறிகுறி சேர்ந்தாலோ, மூன்று மாதமாகியும் அசைவு திரும்பாவிட்டாலோ ஸ்கான் கட்டாயம். அந்த மூன்று மாதத்தை அவருக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்துங்கள். நரம்பில் உள்ள பிழைக்குக் கண்ணுக்குள் விடும் சொட்டு எதுவும் செய்யாது. அது ஸ்டீரொயிட் மருந்தாக இருந்தால் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி வேறு நோயைக் கொண்டுவரும். பெரியம்மா பாசத்தில்தான் எண்ணெய் தந்திருக்கிறா, அவவின் மனம் நோகாமல் வாங்கி வையுங்கள், கண்ணுக்குள் விட வேண்டாம். விற்றமின் ஊசிக்கும் கண் பயிற்சிக்கும் இந்த நரம்பை எழுப்பும் சக்தி இல்லை. நரம்பு தேறுவதற்கு நீங்கள் செய்யக்கூடியது சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்திருப்பது, அவர் புகைப்பவரென்றால் அதை விடுவது. இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கண்ணுக்குப் போகும் நுண்குழாய் அடைபட்டிருக்கிறது என்றால் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களையும் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காத்திருக்கும் காலத்தில் இரட்டைப் பார்வையைச் சமாளிக்க வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது ஒரு கண்ணை மறைக்கலாம். பெரியவர்களுக்கு எந்தக் கண்ணை மறைத்தாலும் பார்வை கெடாது, அவருக்கு எது வசதியோ அதை மறைக்கட்டும், மாற்றி மாற்றியும் மறைக்கலாம். கண்ணாடி போடுபவரானால் ஒரு பக்க வில்லையில் மங்கலான டேப் ஒட்டினாலே போதும். அடுத்தது, ஃபிரெனல் பிரிஸம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதைக் கண்ணாடியில் ஒட்டினால் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கும். பார்வை கொஞ்சம் மங்கும், ஆனால் விலகல் குறையக் குறையத் தாளை மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கட்டத்தில் விலை கூடிய நிரந்தரப் பிரிஸக் கண்ணாடி செய்யச் சொல்லமாட்டேன். விலகல் பெரிதாக இருந்தால், இழுத்துக்கொண்டிருக்கும் உள்தசைக்கு பொட்டுலினம் ஊசி போட்டு அதைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைப்பதும் உண்டு. முகச்சுருக்கத்துக்குப் போடும் பொடொக்ஸ் என்று இன்று எல்லாரும் அறிந்திருக்கிற அதே மருந்துதான். அதை முதலில் மாறுகண்ணுக்காகத்தான் சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட் உருவாக்கினார். அமெரிக்காவில் 1989இல் அதற்குக் கிடைத்த முதல் அனுமதியும் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான்.

சரி, ஒப்பரேஷன். இப்போது செய்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்லுங்கள். இன்றைய விலகலை அளந்து தசையை இடம் மாற்றித் தைக்கிறார்கள் என்று வைப்போம். இரண்டு மாதத்தில் நரம்பு தேறி, வெளித்தசை பழைய பலத்தோடு இழுக்கத் தொடங்கினால் கண் மற்றப் பக்கம் ஓடும். அப்போதும் இரண்டாகத்தான் தெரியும். அதனால் ஆறு மாதமாவது பொறுத்து, அளவு ஒரே மாதிரி நிற்கிறது, இனி மாறாது என்று உறுதியான பிறகுதான் கத்தி. அப்போது வெளித்தசையில் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தால் உள்தசையைப் பின்னே தள்ளி, வெளித்தசையைச் சுருக்கித் தைப்பார்கள். பலம் சுத்தமாக இல்லையென்றால் மேலும் கீழும் உள்ள தசைகளை வெளிப்பக்கம் நகர்த்தித் தைப்பார்கள். கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தைப்பார்கள் என்று ஒரு கதை ஊரில் இருக்கிறது, அதை நம்பி ஒப்பரேஷன் அவசியமானவர்களே ஓடி ஒளிகிறார்கள். கண்ணைக் குழியிலிருந்து எடுப்பதே இல்லை. கண்ணின் உள்ளேயும் போவதில்லை, வெள்ளை விழியின் மேற்பரப்பில்தான் வேலை. உங்கள் கணவருக்கு அந்த நிலையே வராமல் போகச் சாத்தியம் கூட.

இனி மகளிடம் வருகிறேன்.

நாலு வயதுப் பிள்ளையின் மூளை இன்னும் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறது. ஒரு கண் விலகி வேறு இடத்தைப் பார்க்கும்போது, இரண்டு படம் வந்து குழப்பாமல் இருக்க மூளை அந்தக் கண்ணின் படத்தை அணைத்துவிடும். அதனால்தான் பிள்ளைக்கு இரண்டாகத் தெரிவதில்லை, முறைப்பாடும் இல்லை. அணைத்து வைத்த கண் நாளாக ஆகப் பார்க்கப் பழகாமலே போய்விடும். கண்ணில் ஒரு பழுதும் இருக்காது, கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெரியாது. இதைச் சோம்பல் கண் என்று சொல்வோம். ஏழு எட்டு வயதுக்குள் பிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதற்குப் பிறகும் முயற்சி செய்வோம், சிலருக்குப் பலனும் கிடைக்கும், ஆனால் வயது போகப் போகக் கதவு மூடிக்கொண்டே வரும். உங்கள் கணவரின் மூளையோ ஐம்பது வருஷமாக இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்துப் பழகியது, இனி அதற்கு ஒரு கண்ணை அணைக்கத் தெரியாது. அவர் சத்தம் போடுவதும் மகள் பேசாமல் இருப்பதும் இதனால்தான்.

இரண்டரை வயதளவில் தொடங்கி, கிட்டப் பார்க்கும்போது கூடுதலாக உள்ளே ஓடும் கண் என்றால், நான் முதலில் சந்தேகிப்பது தூரப்பார்வைக் குறைபாட்டை, அதாவது பிளஸ் பவரை. தெளிவாகப் பார்க்கப் பிள்ளை கண்ணுக்குள்ளே கூடுதலாக முயற்சி செய்யும், அந்த முயற்சியோடு சேர்ந்து கண் உள்ளே ஓடும். சொட்டு விட்டுச் சரியான பவரைப் பார்த்து, முழுப் பவரில் கண்ணாடி கொடுத்தால் பலருக்கு ஒப்பரேஷன் இல்லாமலே கண் நேராகிவிடும். பவர் பார்க்க விடும் சொட்டால் ஒன்றிரண்டு நாள் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும், அற்றோபீன் என்ற சொட்டென்றால் ஒரு கிழமைக்கு மேலும் இருக்கும். பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள்.

கண்ணாடி விஷயத்தில் தாய்மார் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி போட்டிருக்கும்போது கண் நேராக இருக்கும். குளிக்கக் கழற்றியவுடன் முன்னைவிட மோசமாக உள்ளே ஓடுவதுபோலத் தெரியும். கண்ணாடி போட்டதால்தான் கூடிவிட்டது என்று எடுத்து அலுமாரியில் வைத்துவிடுவார்கள். உண்மையில் கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை போட்டிருக்க வேண்டும், முன்பள்ளிக்கும் கடற்கரைக்கும் கோவிலுக்கும் கூட. பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குக் கலியாணத்துக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கண்ணாடிக்குப் பிறகும் இடது கண்ணில் பார்வை குறைவாக இருந்தால் நல்ல கண்ணை மறைத்துப் பழக்கச் சொல்வார்கள். நடுத்தரக் குறைபாட்டுக்கு ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் மறைப்பதே போதுமானது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கண்ணை மறைக்கும் ஒட்டை முகத்தோலில் ஒட்ட வேண்டும், கண்ணாடிமேல் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும். முதல் நாட்களில் அழுவாள், பிய்த்தெறிவாள். நல்ல கண்ணை மூடினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த நேரத்தில் கூட இருந்து நிறம் தீட்டுங்கள், மணி கோர்க்கக் கொடுங்கள், கதை சொல்லுங்கள். ஒட்டே ஒத்துவராத பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அற்றோபீன் சொட்டு விட்டு மங்கவைப்பதும் உண்டு, அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

உங்கள் வீட்டில் இனி இரண்டு கண் ஒட்டுகள் இருக்கப்போகின்றன, இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். கணவருடையது சௌகரியத்துக்கு, எந்தக் கண்ணிலும் போடலாம், எடுக்கலாம். மகளுடையது மருந்து. எந்தக் கண், எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதம் என்பது வைத்தியர் சொன்னபடி மட்டும்தான். அப்பாவைப் பார்த்து நீங்களாகவே மகளின் ஓடும் கண்ணை மூடினால் பலவீனமான கண் இன்னும் பலவீனமாகும். பரிசோதனை முடியுமுன் அவளுக்கு எதையும் ஒட்ட வேண்டாம்.

இன்றிரவு பிளாஷ் போட்டு எடுத்த மகளின் பழைய படங்களையும் போனில் தேடிப் பாருங்கள். கறுவிழிமேல் விழும் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அகன்ற மூக்குத் தண்டால் சில குழந்தைகளுக்குக் கண் உள்ளே இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் நேராக இருக்கும். நீங்கள் ஒன்றரை வருஷமாகக் கண்ட பிறகு அப்படி இருக்குமென்று நான் நினைக்கவில்லை. இதைவிட முக்கியம், எந்தப் படத்திலாவது கண்மணி வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கண்ணுக்குள் வரும் புற்றுநோய் சிறுபிள்ளைகளில் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும், மாறுகண்ணாகவும் தொடங்கும். மாறுகண் உள்ள எந்தப் பிள்ளைக்கும் கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்காமல் நாங்கள் விடாததற்குக் காரணமும் இதுதான். அதுபோல, நேற்றுவரை நேராக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று கண் விலகி, காலையில் தலைவலியும் வாந்தியும் வந்தால், அப்பாவுக்குச் சொன்ன பொறுமை அங்கே செல்லாது. உடனே ஆஸ்பத்திரி.

கண்ணாடிக்குப் பிறகும் விலகல் மிச்சமிருந்தால் மகளுக்கு ஒப்பரேஷன் தேவைப்படலாம். அதுவும் சோம்பல் கண்ணுக்கு வைத்தியம் செய்து பார்வையை மீட்ட பிறகு. கத்தி கண்ணை நேராக்கும், அணைந்த பார்வையை மீட்காது.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். கணவருக்கு இந்த வயதில் வந்த நரம்புத் தளர்ச்சி பிள்ளைக்குப் போவதுமில்லை, பிள்ளையிடமிருந்து ஒட்டுவதுமில்லை. அவருடைய சீனி வருத்தம் குடும்பத்தில் ஓடலாம், அது வேறு கதை. சிறுவயது மாறுகண்ணும் பிளஸ் பவரும் குடும்பங்களில் தொடர்வது உண்மை. அதனால் மூத்த பிள்ளைகளின் கண்களையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதிர்ஷ்டக் கணக்கைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி விட்ட எத்தனையோ பேர் வேலைக்கான கண் பரிசோதனையில் ஒரு கண்ணில் பார்வையில்லை என்று அறிந்து வருகிறார்கள். அந்த வயதில் என்னால் கொடுக்க முடிவது மிகக் கொஞ்சம்.

கடைசியாக ஓட்டோ. இப்போது ஓடக்கூடாது, கண்ணைப் பொத்திக்கொண்டும் கூடாது. நம் நாட்டில் எதிரே வரும் வாகனம் வலப்பக்கம்தான் வருகிறது, அவருக்கு மிக மோசமாக இரட்டிப்பதும் வலப்பக்கம்தான். வலது கண்ணை மூடினால் வலப்புறப் பார்வை குறையும். எந்தக் கண்ணை மூடினாலும் திடீரென்று ஒற்றைக் கண்ணாகப் பார்ப்பவருக்குத் தூரம் கணிக்கத் தெரியாது, அது பழக மாதக்கணக்காகும். பின்னால் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியில் அதைப் பழக முடியாது. தெரிந்த ஒருவரிடம் நாள் வாடகைக்கு ஓட்டோவைக் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு அதில் வருவதைக் கொண்டு சமாளிக்கப் பாருங்கள். திரும்ப ஓடுவதென்றால், முகத்தைத் திருப்பாமல், நேராகவும் இரு பக்கமும் அவருக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். பிரிஸம் போட்டிருந்தால் அதோடு பல கிழமை தொடர்ந்து அப்படி இருக்க வேண்டும். கண் கிளினிக்கில் அளந்து பார்த்து ஓடலாம் என்று சொன்ன பிறகு, முதலில் பகலில், ஆட்கள் இல்லாமல், உப்புவெளி உள்வீதிகளில் ஓடிப் பார்க்கட்டும்.